மீன் தொட்டிக்கு ஒரு மூடி

முப்பத்தோர் ஆண்டுகள் மூடி செய்து பிழைத்தவன் நான். கேட்பவர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்தேன். சுழலும் ஷாஃப்ட், ஓடும் பெல்ட், பல்லோடு பல் கடித்துச் சுற்றும் சக்கரம் இவற்றில் தொழிலாளியின் கையோ சட்டை நுனியோ சிக்கிவிடாதபடி இரும்புத் தகட்டாலும் கம்பி வலையாலும் காப்பு மூடி செய்து பொருத்துவது என் வேலைகளுள் முதன்மையானது. தொழிலாளர் பேச்சில் அதற்குக் 'கார்டு' என்று பெயர். இயந்திரங்களுக்குக் காப்பு வேலி இருந்தே தீரவேண்டும் என்பது என் பணிக்காலம் முழுவதும் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு.

தஞ்சைத் தரணியிலிருந்து வேலை தேடி 1983ஆம் ஆண்டு இங்கு வந்தேன். அப்போது இது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997இல்தான். வந்த நாளில் ரயிலடியைச் சுற்றிச் சில தெருக்களும், அப்பால் வயலும் ஏரியும், கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையும், புகைபோக்கிகளும் கண்ணில் பட்டன. அந்தப் புகைபோக்கிகளின் நிழலிலேயே வீடு கட்டி, மக்களைப் படிக்க வைத்து, 2014இல் ஓய்வும் பெற்றேன். அத்துடன் மூடி செய்யும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு சிறு மீன் என்னை மறுபடியும் அந்த வேலைக்கு அழைத்து வந்தது.

என் இளைய மகனுக்குச் சிறு வயதிலிருந்தே வண்ண மீன்களின் மீது தீராத ஆசை. விடுமுறை நாள் என்றால் புறநகர் ரயிலேறிக் கொளத்தூருக்குப் போய்விடுவான். சென்னையின் வடமேற்கு மூலையில் உள்ள கொளத்தூர், வண்ண மீன் வணிகத்தில் நாடறிந்த ஊர். அங்கும் அதையொட்டிய திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் குஞ்சு வளர்த்து வாழும் குடும்பங்கள் பல. அங்கிருந்து அவன் நெகிழிப் பையில் மீன்களைக் கொண்டுவருவான். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் வாங்கி வைத்தான். கணக்குப் பார்த்தால் நிரம்ப நிரம்ப 127 லிட்டர் கொள்ளும். அதன் மேல் ஒரே துண்டாக ஒரு கண்ணாடிப் பலகையை மூடியாகக் கிடத்தியிருந்தான்.

அத்தொட்டியில் அவன் உயிராக வளர்த்தது முத்துக் கௌராமி என்னும் மீன். வெண்மணிகளைத் தூவியது போன்ற உடல். மார்பில் செம்மஞ்சள் சாயல். மீசை போல நீண்ட இரண்டு துடுப்பு இழைகள். கண்ணாடியில் விரலை வைத்தால் அந்த இழைகளால் தொட்டுப் பார்க்கும். அவன் அதை 'முத்து' என்றே அழைப்பான்.

2015இல் அவனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. விமான நிலையத்துக்குப் புறப்படும் அவசரத்திலும் தொட்டியருகே நின்று சொன்னான்: "அத்தா, ஒரு நாளைக்கு ஒரு தடவை தீனி போட்டாப் போதும். ராத்திரியில மூடியை மட்டும் மறந்துடாதீங்க." நானும் தலையசைத்தேன். பெற்ற பிள்ளை கடல் கடந்து போகிற நேரத்தில் மீனின் மூடியா மனத்தில் நிற்கும்?

ஓர் ஆண்டு எப்படியோ ஓடியது. 2016ஆம் ஆண்டு ஆனி மாத வெயிலில் ஒரு நாள் தொட்டியைத் துப்புரவு செய்யும்போது, தரையில் சாய்த்து வைத்த மூடிக் கண்ணாடி சரிந்து இரண்டாக உடைந்தது. நாளைக்கு வாங்கலாம் என்றேன். அந்த நாளை ஐந்து வாரம் நீண்டது. ஆலையில் கார்டு இல்லாத பெல்ட்டை ஒரு மணி நேரம் ஓடவிட மாட்டேன். மேலதிகாரியானாலும் எதிர்த்து நிற்பேன். அப்படிப்பட்ட நான் என் வீட்டுக் கூடத்தில் ஒரு தொட்டியை ஐந்து வாரம் திறந்து போட்டிருந்தேன்.

ஓர் இரவு மின்சாரம் போய்த் திடீரென்று வந்தது. அணைக்க மறந்திருந்த தொட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. தூக்கத்திலேயே அதை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். சுபுஹுத் தொழுகைக்கு உளூச் செய்ய எழுந்து வந்தபோது, செருப்பு அடுக்கும் பலகையின் அடியில் ஏதோ இலைச் சருகு போல் கிடந்தது. குனிந்து பார்த்தேன். முத்து. உடலில் தூசி ஒட்டி, இழைகள் காய்ந்து, கண் வெளிறிக் கிடந்தது. கறிவேப்பிலைச் செடியின் அடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனேன். மனம் தொழுகையில் நிற்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் மகன் பேசினான். உடல்நலம் விசாரித்தான், மழை பெய்ததா என்றான், பிறகு, "முத்து எப்படி இருக்கு அத்தா?" என்றான்.

"நல்லா இருக்குப்பா" என்றேன்.

அறுபது வயது கடந்தவன், ஒரு மீனுக்காகப் பெற்ற மகனிடம் பொய் சொன்னேன். சமையலறை வாசலில் நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்குப் பிறகுதான் மூடி செய்ய உட்கார்ந்தேன். செத்த மீனுக்கு அதனால் பயனில்லை என்பது தெரியும். தொட்டியில் இன்னும் பதினொரு மீன்கள் இருந்தன. ஓர் உயிரை ஆற்றிலும் குளத்திலும் இல்லாமல் நம் பெட்டிக்குள் அடைத்து வைத்தால், அதற்குரிய உணவும் காற்றும் காப்பும் நம் பொறுப்பாகிவிடுகின்றன. அதுவும் அமானிதம்தான்.

முதலில் கையில் அகப்பட்டது ஒரு பிளைவுட் பலகை. அளவாக அறுத்து, வண்ணம் பூசிக் கவிழ்த்தேன். பத்தே நாளில் அடிப்பக்கம் நீராவியில் ஊறிப் பருத்தது, அடுக்குகள் பிரிந்தன, ஓரத்தில் பூஞ்சை படர்ந்தது. வீசி எறிந்தேன்.

அடுத்து ஆலைப் பழக்கம் தலைதூக்கியது. கார்டு செய்யும் ஜி.ஐ. கம்பி வலையே ஏற்றது என்று பழைய இரும்புக் கடைக்குப் புறப்பட்டேன். நல்ல வேளையாக, வழியில் மீன்தீனி வாங்கக் கடை ஒன்றில் நின்றேன். கடைக்காரர் என் மகன் வயதுடைய இளைஞர். "ஐயா, அந்தக் கம்பியில துத்தநாகம் பூசியிருப்பாங்க. ஆவித் தண்ணி அதுல பட்டுச் சொட்டிக்கிட்டே இருந்தா மீனுக்கு நஞ்சு. பித்தளை, செம்பு அதைவிட மோசம்" என்றார். முப்பத்தோர் ஆண்டுகள் கையாண்ட பொருளின் இன்னொரு முகத்தை அன்று கற்றேன். மனிதனின் கையைக் காத்த வலை மீனின் செவுளைக் கெடுக்கும்.

மூன்றாவதாக அக்ரிலிக் தகடு வாங்கினேன். கண்ணாடி போலத் தெளிவு. காகிதம் போல எடையின்மை. மிகவும் மகிழ்ந்தேன். இரண்டு வாரத்தில் அதன் நான்கு மூலைகளும் மேலே எழும்பி, நடுப்பகுதி தொய்ந்தது. அக்ரிலிக் சிறிதளவு நீரை உறிஞ்சும் இயல்புடையது. ஆவி படும் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிய, மேற்பக்கம் காய்ந்தபடியே இருக்க, தகடு வளைந்துவிடுகிறது. எழும்பிய மூலையின் வழியே மீன் துள்ளிவிட முடியும்.

நான்காவது முயற்சியில்தான் தவறின் உச்சத்துக்குப் போனேன். நல்ல கண்ணாடி வெட்டி வாங்கி, சுற்றிலும் ரப்பர் பீடிங் கொடுத்து, காற்றுப் புகாமல் இறுக்கமாகப் பொருத்தினேன். ஃபிட்டரின் கண்ணுக்கு அது குறையற்ற பொருத்தம். மறுபடியும் கடைக்கார இளைஞரை அழைத்து வந்து பெருமையுடன் காட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஐயா, ஊறுகாய் ஜாடியை மூடுற மாதிரி மூடிட்டீங்களே, மூச்சு எங்கேயிருந்து வரும்?" என்றார்.

அவர் விளக்கியதையும் நான் பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மீன் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுளால் பிரித்தெடுக்கிறது. அந்த வாயு நீரில் புகும் வாசல் நீரின் மேற்பரப்புதான். காற்றுப் பம்பு விடும் குமிழிகளும் பெரும்பாலும் நீரைக் கலக்கி, மேற்பரப்பைப் புதுப்பிப்பதன் மூலமே உதவுகின்றன. நீர் சூடேற ஏற அதில் தங்கும் பிராணவாயு குறையும். 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். முழுக்க அடைத்த மூடி காற்றையும் தடுக்கும்; ஆவியாதலால் நீர் குளிர்வதையும் தடுத்துச் சூட்டைக் கூட்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இரண்டும் சேர்ந்தால் மீன் தாங்காது.

முத்துக் கௌராமியின் கதை இன்னும் தனி. மலேயா, சுமத்திரா, போர்னியோ பகுதிகளின் சதுப்பு நீரில் பிறந்த இனம் அது. அந்த நீரில் பிராணவாயு குறைவு. ஆதலால் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு தனி உறுப்பை இறைவன் அதற்கு அமைத்திருக்கிறான். அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப் போகும். அதற்கு நீருக்கும் மூடிக்கும் இடையே காற்று வெளி வேண்டும். அந்தக் காற்றும் ஈரமும் இளஞ்சூடும் உடையதாக இருப்பது நலம். மூடியே இல்லாவிட்டாலும் குறை. முழுவதும் மூடிவிட்டாலும் குறை.

இதைக் கேட்டதும் என் பிள்ளைப் பருவம் நினைவில் வந்தது. தஞ்சைப் பகுதியில் புதுமழை பெய்தால், வாய்க்காலிலிருந்து வெளியேறி வரப்பின் மேல் ஊர்ந்து செல்லும் பனையேறிக் கெண்டையைப் பிடிக்க ஓடுவோம். அதுவும் இதே போலக் காற்றைக் குடிக்கும் இனம்தான். 1791ஆம் ஆண்டு நவம்பரில், டேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில், தால்டார்ஃப் என்னும் படை அதிகாரி, அந்த மீன் ஒரு பனை மரத்தில் ஏறுவதைக் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அச்சாகி ஐரோப்பிய அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. மரமேறியது உண்மையா என்று பின்வந்தோர் ஐயுற்றார்கள்; தரையில் நடந்து அடுத்த குட்டைக்குப் போவதை எவரும் மறுக்கவில்லை. குட்டை வற்றினால் வேறு நீர் தேடிப் புறப்படுவது அதன் பிழைப்பு. தொட்டி மீன் பல காரணங்களால் துள்ளுகிறது: பெரிய மீன் துரத்தினாலும், நீர் கெட்டாலும், திடீர் ஒளியோ ஓசையோ அஞ்ச வைத்தாலும் துள்ளும். ஆற்றில் துள்ளினால் ஆற்றிலேயே விழும். நம் கூடத்தில் துள்ளினால் சிமெண்டுத் தரையில் விழும். பிழை மீனிடத்தில் இல்லை.

ரப்பர் பீடிங்கைப் பிய்த்து எறிவதற்குள் இன்னொரு பாடமும் வந்தது. தொட்டி விளம்பில் கிடத்தியிருந்த பழைய குழல் விளக்கின் முனையில் ஆவி நீர் கோத்து நின்றிருக்கிறது. தீனி போடப் போன என் மனைவி அதைத் தொட்டதும் அலறிப் பின்னால் விழுந்தார். இறைவன் காத்தான், முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆலையில் எத்தனையோ பேருக்கு மின் பாதுகாப்பு பற்றிச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று மாலையே மின்பணியாளரை அழைத்து, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனம் பொருத்தினேன். விளக்கை மூடிக்கு வெளியே, மேலே தனிச் சட்டத்தில் மாட்டினேன். தொட்டிக்கு வரும் ஒயர்கள் யாவும் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு முறை தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கைச் சேரும்படி செய்தேன். ஒயர் வழியே வழியும் நீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், பிளக்கினுள் புகாது. மீன் வளர்க்கும் இல்லத்தார் இந்த மூன்றையும் இன்றே சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பிறகு அவசரப்படாமல் அமர்ந்து யோசித்தேன். ஆலை எனக்குக் கற்பித்த பெரிய பாடம் ஒன்று உண்டு. கழற்றுவதற்குக் கடினமான கார்டு ஆளைக் காப்பதில்லை. எண்ணெய் விட ஒவ்வொரு முறையும் எட்டு போல்ட்டைக் கழற்ற வேண்டுமென்றால், மூன்றாம் நாள் அந்தக் கார்டு சுவரோரம் சாத்தப்பட்டிருக்கும். பெல்ட் திறந்த மேனியாக ஓடும். எளிதில் திறந்து எளிதில் மூடக் கூடியதே பயனில் நிலைக்கும். என் மகன் வைத்திருந்த ஒரே துண்டுக் கண்ணாடி மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. ஒவ்வொரு முறையும் அதை முழுவதும் தூக்கி எங்கேனும் சாய்க்க வேண்டும். அதனால்தான் ஒரு நாள் அது உடைந்தது.

ஐந்தாவது மூடியை இப்படிச் செய்தேன். பொன்னேரியில் படங்களுக்குச் சட்டமிடும் கண்ணாடிக் கடையில் 4 மில்லிமீட்டர் கண்ணாடியில் இரண்டு துண்டுகள் வெட்டி வாங்கினேன். தொட்டியின் உள்ளளவை நான்கு இடங்களில் அளந்து, அவற்றுள் சிறிய அளவிலிருந்து மேலும் 3 மில்லிமீட்டர் குறைத்துக் கொடுத்தேன். கையால் செய்த தொட்டி நான்கு பக்கமும் ஒரே அளவாக இராது. வெட்டிய ஓரங்களைச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கூர் நீக்கினேன். தொட்டியின் உட்சுவரில், விளிம்பிலிருந்து அரை அங்குலம் கீழே, சிறு கண்ணாடிக் கீற்றுகளைச் சிலிக்கோன் பசையால் ஒட்டித் தாங்கிகளாக்கினேன். மூடி விளிம்பின் மேல் கிடக்காமல் உள்ளே தாங்கியில் அமர்வதால், கீழ்ப்பக்கத்தில் கோக்கும் நீர் தொட்டிக்குள்ளேயே திரும்பி விழும், வெளியே வழியாது. சிலிக்கோன் வாங்கும்போது பூஞ்சைக் கொல்லி கலந்த குளியலறை வகையைத் தவிர்க்க வேண்டும். மீன் தொட்டிக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். ஒட்டிய பின் காடி நெடி முற்றிலும் அகலும் வரை இரண்டு நாள் காயவிட்டேன். அதுவரை மீன்களுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியே வீடு.

இரு கண்ணாடிகளும் தொட்டியின் முழு அகலத்தையும் மூடாதபடி, பின்புறம் நீளவாக்கில் இரண்டு அங்குலம் விட்டேன். அந்த இடைவெளிக்கு மெல்லிய அலுமினியச் சட்டத்தில் நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டிப் பொருத்தினேன். காற்றும் சூடும் அதன் வழியே போய் வரும், மீன் போகாது. சட்டத்தின் ஒரு மூலையில் காற்றுக்குழாய் நுழைய மட்டும் வெட்டு. கண்ணாடியைத் தூக்க உலோகக் கைப்பிடி வேண்டாம் என்று, ஒவ்வொன்றின் மேலும் பேரனின் கோலிக்குண்டு ஒன்றைச் சிலிக்கோனால் ஒட்டினேன். ஒரு துண்டின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். ஒரு கையால் தூக்கலாம். மற்றொரு கையால் தீனி போடலாம். நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே இரண்டு விரற்கடை வெளி எப்போதும் இருக்கும்.

மூடியால் வேறொரு நன்மையும் விளைந்தது. மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடி நீரில் கலந்த செய்தி பலரும் அறிந்ததே. எங்கள் தெருவின் ஆழ்குழாய் நீரும் உப்பு மிகுந்தது. திறந்த தொட்டியில் கோடையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாயிற்று. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே; உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததை மறுபடியும் உப்பு நீரால் நிரப்ப நிரப்ப, தொட்டி நீர் கனத்துக்கொண்டே போகும். மூடிய பின் இழப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. ஆலைப் பகுதியில் வாழ்வோர் அறிந்த அந்தக் கருந்தூசிப் படலமும் கண்ணாடியின் மேலேயே நின்றுவிட்டது. ஈரத் துணியால் துடைத்தால் போயிற்று.

மூடி முடிந்தது. பொய் முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் மகன் பேசினான். ஆனால் முத்துவைப் பற்றி அவன் மறுபடியும் கேட்கவே இல்லை. வேலைப் பளுவில் மறந்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன். மறந்தது நல்லதாயிற்று என்றுகூட எண்ணினேன்.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் அன்று இருந்தவர்களுக்கு அந்த ஓசை மறக்காது. முருங்கையும் வேம்பும் சாய்ந்தன. ஆலைக் கூரைத் தகடுகள் காற்றில் பறந்தன. நண்பகலிலேயே மின்சாரம் போயிற்று; கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. காற்றுப் பம்பு நின்றதும், கண்ணாடித் துண்டுகள் இரண்டையும் எடுத்துவிட்டு, தொட்டி முழுவதையும் கொசுவலையால் போர்த்தினேன். தீனியை நிறுத்தினேன்; தின்ற மீனுக்குப் பிராணவாயு மிகுதியாகத் தேவைப்படும், கழிவும் கூடும். மணிக்கொரு முறை நானும் மனைவியும் மாறி மாறிக் குவளையில் நீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்றினோம். இரவிலும் அரிக்கேன் விளக்கொளியில் அதைச் செய்தோம். ரப்பர் பீடிங் போட்ட பழைய மூடி மட்டும் அப்போது இருந்து, நான் ஊரிலும் இல்லாதிருந்தால், அந்தத் தொட்டி ஒரு கல்லறையாகியிருக்கும். மின்சாரம் திரும்பச் சில நாட்கள் ஆயின. பதினொன்றில் இரண்டு இறந்தன, ஒன்பது பிழைத்தன.

தொலைபேசி இணைப்பு வந்ததும் மகனின் அழைப்பு வந்தது. மூன்று நாளாக அவன் உறங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அம்மா எப்படி, அண்ணன் குழந்தைகள் எப்படி, வீட்டுக் கூரை எப்படி என்று கேட்டு முடித்தான். மீனைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முத்து செத்து நாலு மாசமாச்சு. மூடி உடைஞ்சது, நான் வாங்கிப் போடலை. துள்ளி வெளியே விழுந்துடுச்சு. உன்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான்: "தெரியும் அத்தா. அம்மா அன்னைக்கே சொன்னாங்க. திரும்பக் கேட்டா நீங்க திரும்பவும் அப்படியே சொல்ல வேண்டி வருமேன்னுதான் நான் கேட்கலை."

நான்கு மாதமாக அவன் மறந்திருக்கவில்லை. என்னை இன்னொரு பொய்யிலிருந்து காத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு நாம்தான் காப்பு என்று நினைக்கிறோம். சில நேரம் அவர்கள் நமக்குக் காப்பாக நிற்பதை அறியாமலே இருந்துவிடுகிறோம்.

அதன்பின் எங்கள் தெருவில் மீன் வளர்க்கும் பிள்ளைகள் மூடிக்காக என்னைத் தேடி வருகிறார்கள். கண்ணாடி விலையை மட்டும் வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கிறேன். கொடுக்கும்போது பெற்றோரிடம் ஒன்றை மட்டும் சொல்வேன்: மீன் உள்ள தொட்டியில் கொசுப் புழு தங்காது, மீன் தின்றுவிடும். ஆனால், குளோரின் போவதற்காக வாளியிலும் தொட்டியிலும் நீரைப் பிடித்து வைக்கிறோமே, ஆபத்து அங்கேதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நன்னீரில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் திறந்த வாளி அதைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே மீனுக்கு ஒரு மூடி என்றால், அதன் பக்கத்து வாளிக்கும் ஒரு மூடி வேண்டும். இரவில் தண்ணீர்ப் பானையையும் சோற்றுச் சட்டியையும் பிஸ்மி சொல்லி மூடிய பிறகே என் தாயார் படுக்கப் போவார். அது எங்கள் வீட்டில் நாள் தவறாத வழக்கம். அதன் அருமை எனக்குப் புரிய இத்தனை ஆண்டுகள் ஆயின.

2018இல் மகன் விடுப்பில் வந்தான். வந்த இரண்டாம் நாளே கொளத்தூர் போய் இளம் முத்துக் கௌராமி ஒன்றைக் கொண்டுவந்தான். நான் செய்த மூடியைத் தூக்கினான், வைத்தான். மறுபடியும் தூக்கினான், வைத்தான். கோலிக்குண்டைப் பார்த்துச் சிரித்தான். கறிவேப்பிலைச் செடியருகே சற்று நேரம் நின்றுவிட்டு வந்தான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்றிரவு படுக்கையில் கண்ணயரும் வேளையில் கூடத்தில் விளக்கு அணைந்தது. கண்ணாடி தாங்கியில் அமரும் மெல்லிய ஓசை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முறை கேட்டது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.